அம்மாவின் ஆறரை மணி நேரம்

இந்தத் தடவை திருவொற்றியூரில் மூன்று வாரம் இருந்தேன். அதில் ஒரு வாரம் அம்மாவைச் சிங்கப்பூருக்குச் சம்மதிக்க வைப்பதிலேயே போய்விட்டது.

நான் வந்தது கொழும்பு வழியாக. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் மதியம் 3 மணிக்கு ஏறி, கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் 4.30க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருந்தது. அம்மாவுக்கும் அதே வழியில் டிக்கெட் போட்டேன். அவர் அதைத் தெருமுனை டிராவல்ஸில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். "கொழும்புல நைட்டு 1 மணிக்கு ஏறுனா காலைல 7.30க்குத்தான் இறங்குவீங்க. ஆறரை மணி நேரம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, மூட்டுவலி வேறு.

"அவ்ளோ நேரம் குந்திக்கினே வர முடியாதுடா. அது இன்னா, நீ வந்தா ஒன்றரை மணி, நான் போனா ஆறரை மணியா?"

நியாயமான கேள்வி. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் கடிகாரம் இலங்கையைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அதைக் கழிக்க வேண்டும், வரும்போது கூட்ட வேண்டும். இரண்டு பக்கமும் நான்கு மணி நேரம்தான். டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்த பிறகுதான் முகம் தெளிந்தது. வயதானவர்களிடம் நேரத்தைச் சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தையில் அவர்கள் பயணத்தையே கைவிட்டுவிடுவார்கள்.

தூரத்தை மட்டும் வைத்தும் நேரத்தைக் கணிக்க முடியாது. கொழும்பு, சிங்கப்பூர் விமான நிலையங்களுக்கு இடையே நேர்கோட்டில் சுமார் 2,750 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கொழும்புக்குச் சுமார் 650தான். விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் என்றாலும், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்கக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து அந்தச் சின்னப் பயணத்துக்கே ஒன்றேகால் மணிக்கு மேல் ஆகிவிடும். நேரடி விமானம் என்றால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் 2,900 சொச்சம், நாலு மணி நேரச் சொச்சம். அம்மாவுக்கு இடையில் எழுந்து நடந்தால் கால் வீங்காது என்றுதான் கொழும்பு வழியை எடுத்தேன். சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தாயிற்று, அதற்குத் தனிக் காசு இல்லை.

அடுத்த கவலை, மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போவது. முன்பெல்லாம் பஸ்ஸில் பீச் ஸ்டேஷன், அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம், படி ஏறி இறங்கி அம்மா மூச்சு வாங்குவார். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதே, வடசென்னைக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! ஒருநாள் ஒத்திகையாகவே அம்மாவைக் கூட்டிப்போனேன். தேரடி மெட்ரோ ஸ்டேஷனில் லிஃப்ட் வேலை செய்தது. சுமார் ஒரு மணி நேரத்தில் விமான நிலையம். திரும்பி வரும்போது, தண்டையார்பேட்டை தாண்டி ரயில் சுரங்கத்திலிருந்து மேலே ஏறியதும், மொட்டை மாடித் துணிகளுக்கு அப்பால் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. அம்மா ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "கொழும்புல நம்ம டைம்தானே?"

"ஆமாம்மா, அதே நேரம்தான்."

"அப்ப ராத்திரி மாத்திரைய அங்கயே போட்டுக்கிறேன். வாட்ச்சுல டைமை சிங்கப்பூர்ல எறங்குனதும் நீ மாத்திக் குடு."