கோலகுபு பாருவா, கிரிக்கா?

கோலாலம்பூரை விட்டு ஏரிப் பக்கமாகக் குடிபோக நினைப்பவர்களுக்கு நான் சிலாங்கூரில் இருக்கும் கோலகுபு பாருவைத்தான் சொல்வேன். கோமுட்டர் என்னும் புறநகர் ரயில் இருக்கிறது, ஸ்டேஷன் டவுனிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான், ஆனாலும் கார் இல்லாமல் கோலாலம்பூர் வேலைக்குப் போய்வர முடியும். பழைய ஊரில் 1883-இல் அணை உடைந்தது, அப்புறமும் வெள்ளம் விடவில்லை, அதனால் மேட்டில் புதிதாகக் கட்டிய ஊர் இது. பழைய கடைவீடுகளை நடந்தே பார்க்கலாம். சிலாங்கூர் ஆற்று அணையின் ஏரி பிரேசர் மலைக்குப் போகும் வழியில்.

பேராக்கின் வடக்கே இருக்கும் கிரிக் வேறு மாதிரி. அதன் பக்கத்துத் தெமெங்கோர் ஏரி சுமார் 15,000 ஹெக்டர், ஏரியிலுள்ள பண்டிங் தீவிலிருந்து படகு எடுத்தால் கண்ணுக்கு எட்டியவரை காடுதான், அந்த அழகுக்கு கோலகுபு பாரு ஈடே இல்லை. ஆனால் ரயில் கிடையாது, ராயல் பெலும் வனப் பூங்காவுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும், நெடுஞ்சாலையில் யானை குறுக்கே வரும், இரவில் ஓட்டாதீர்கள். லீவுக்குக் கிரிக், குடியிருக்க கோலகுபு பாரு.