எஞ்சினை இறக்காமலே காரணம் கண்ட தெமட்டகொடை கராஜ்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் எஞ்சினில் தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கினால், கொழும்பின் பல கராஜ்களில் முதலில் கிடைக்கும் பதில் "எஞ்சினை இறக்கிப் பார்ப்போம்" என்பதுதான். இறக்காமலே காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுமையுள்ள ஒருவர் தெமட்டகொடையில், பேஸ்லைன் வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறார். இத்தகைய கார்களை வைத்திருக்கும் மற்றவர்களும் அவரை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கராஜுக்குப் பெயர்ப்பலகை இல்லை. நடத்துபவரை அந்தப் பகுதியில் எல்லோரும் நானா என்றே அழைக்கிறார்கள்.

என்னிடம் இருப்பது 1967ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்னும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட இந்த மாடலின் 1798 சி.சி. எஞ்சின் கட்டுமானத்தில் உறுதியானது. ஆனால் சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவான அமுக்க விகிதம் அதில் 8.8க்கு 1 என்பதால், பெற்றோலின் ஒக்டேன் குறைந்தாலோ, உள்ளிழுக்கும் காற்று அதிகம் சூடானாலோ, தீப்பொறி உரிய நேரத்துக்கு முன்பே விழுந்தாலோ உடனே சத்தம் எழுப்பிவிடும். நான் 95 ஒக்டேனைத் தவிர வேறெதையும் நிரப்புவதில்லை. அப்படியிருந்தும் கடுகண்ணாவை ஏற்றத்தில் நான்காம் கியரில் அக்சலரேட்டரை அழுத்தியபோது, தகரப் பேணிக்குள் சில்லறைக் காசைக் குலுக்குவது போன்ற சத்தம் எழுந்தது. நகரிலுள்ள வேறொரு கராஜில், கார் ஐட்லிங்கில் நிற்கும்போது சற்று நேரம் காது கொடுத்துவிட்டு, பிஸ்டனின் கனெக்டிங் ரொட் கிராங்க் சாஃப்டைப் பற்றும் இடத்திலுள்ள பிக் எண்ட் பெயரிங் தேய்ந்துவிட்டது, கிராங்க் சாஃப்டைக் கிரைண்ட் செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். சத்தம் எழுந்தது ஓடும்போது, அதுவும் ஏற்றத்தில்; அவர்கள் கேட்டதோ நின்றுகொண்டிருக்கும் காரை.

நானா பொனட்டைத் திறப்பதற்கு முன்பே கேள்விகளைத் தொடங்கினார். சத்தம் குளிர்ந்த எஞ்சினில் வருகிறதா, சூடான பிறகா? மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா? கியரைக் குறைத்தால் அடங்குகிறதா? இவற்றுக்கான பதிலிலேயே பாதி நோய் தெரிந்துவிடும் என்பதைப் பிறகு விளக்கினார். பிஸ்டன் ஆடினால் காலையில் குளிர்ந்த எஞ்சினில் பலமாகக் கேட்டு, சூடேறியதும் குறையும். கிராங்க் சாஃப்டைத் தாங்கும் மெயின் பெயரிங் போனால் பாரம் ஏறும்போது அடியிலிருந்து கனத்த சத்தம் வரும். பிக் எண்ட் பெரும்பாலும் ஓரளவு வேகத்தில் காலை எடுக்கும் கணத்தில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். உயர் கியரில், குறைந்த சுற்றில், மிதிக்கும்போது மட்டும் எழுந்து, கியரைக் குறைத்ததும் மறையும் கிலுகிலுப்பு, பெற்றோல் கலவை உரிய முறையில் எரியாமல் வெடிப்பதன் அடையாளம். என் காரின் சத்தம் கடைசி வகையைச் சேர்ந்தது.

ஆனாலும் அவர் கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் இந்தக் கராஜை நான் மதிப்பதற்குக் காரணம். டேஷ்போர்டில் உள்ள பழைய கேஜை நம்பாமல் தன்னுடைய கேஜைப் பொருத்தி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஒயில் அழுத்தத்தை அளந்தார். ஐட்லிங்கிலும் சரி, 3000 சுற்றிலும் சரி, அழுத்தம் நன்றாகவே இருந்தது. அடுத்து பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த் செய்து, அந்தந்த சிலிண்டரை வேலை செய்யவிடாமல் கேட்டார். ஒரு கனெக்டிங் ரொட்டின் பெயரிங் தேய்ந்திருந்தால், அதன் சிலிண்டரில் எரிதல் நின்றதும் தட்டும் சத்தம் மங்கிவிடும். நான்கிலும் எந்த மாற்றமும் இல்லை. பெயரிங் மீதான குற்றச்சாட்டு அத்துடன் தள்ளுபடியானது. எஞ்சினின் ஒரு நட்டுக்கூட அதுவரை கழற்றப்படவில்லை.

பிறகு பிளக்குகளைக் கழற்றி, ஒரு பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். முதலாம், நான்காம் பிளக்குகளின் வெள்ளைப் பீங்கான் மீது மிளகுத்தூள் தூவியதைப் போன்ற நுண்ணிய புள்ளிகள் ஒட்டியிருந்தன. அவற்றுள் ஒன்றிரண்டு வெளிச்சத்தில் மின்னின. மின்னுவது பிஸ்டனின் மேற்பரப்பிலிருந்து பெயர்ந்த அலுமினியம் என்றார் நானா. இந்தச் சத்தத்தை அலட்சியம் செய்து ஓட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை வைத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. வெக்குவம் குழாயைக் கழற்றிவிட்டு, 600 சுற்றில், பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு 14 பாகை முன்பு என்பது இந்த எஞ்சினுக்குரிய அளவு. கிராங்க் கப்பியிலுள்ள குறியும் அங்கேயே நின்றது. பலரும் இத்துடன் டைமிங் சரி என்று முடித்திருப்பார்கள். நானா அந்தக் குறியையே சந்தேகித்தார். என் காரின் கிராங்க் கப்பியில் உள்வட்டமும் வெளிவட்டமும் இடையிலுள்ள ரப்பரால் ஒட்டப்பட்டிருக்கின்றன. குறி இருப்பது வெளிவட்டத்தில். ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ரப்பர் விட்டுக்கொடுத்தால் வெளிவட்டம் மெல்ல நழுவும், அதனுடன் குறியும் நழுவும். இதைச் சோதிக்க, முதலாம் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் ஓர் இரும்புத் துண்டைத் திருகி, கிராங்கைக் கையால் ஒரு பக்கம் தடுக்கும் வரை சுற்றி ஒரு கோடு, மறுபக்கம் தடுக்கும் வரை சுற்றி இன்னொரு கோடு போட்டார். இரண்டுக்கும் சரியான நடுப்புள்ளியே பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். கப்பியின் குறி அதிலிருந்து 7 பாகை விலகியிருந்தது. 14 என்று நம்பியிருந்த தீப்பொறி, உண்மையில் 21 பாகையில் விழுந்துகொண்டிருந்தது.

அதற்கு மேல் டிஸ்ரிபியூட்டரில், சுற்று கூடும்போது தீப்பொறியை முன்தள்ளும் எடைகளை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளில் ஒன்று தளர்ந்திருந்ததையும், இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களில் பின்பக்கத்ததன் கலவை பெற்றோல் குறைந்து மெலிந்திருந்ததையும் கண்டார். இரண்டாவதைக் கண்டுபிடிக்க அவருக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. கார்புரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்தி எஞ்சின் என்ன செய்கிறது என்று கேட்டார். வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை கனம். ஒரு கணம் சிறிது கூடி அடங்கினால் சரி. எஞ்சின் தளர்ந்து அணையப் பார்த்தால் மெலிவு. பின்பக்கத்தில் அணையப் பார்த்தது. மெலிந்த கலவையும் இந்த வெடிப்பைத் தூண்டும்.

கப்பியை மாற்றி, ஸ்பிரிங்கையும் கலவையையும் சரிசெய்த பிறகு, அருகிலுள்ள மேம்பாலத்தில் நான்காம் கியரிலேயே ஏற்றிப் பார்த்தோம். சத்தம் இல்லை. சில நாட்களுக்குப் பின் கடுகண்ணாவையிலும் இல்லை. "கழட்டுறது கடைசி வேலை சேர், கேக்குறதுதான் முதல் வேலை" என்று அவர் சொன்னதை அந்த ஏற்றத்தில் நன்றியுடன் நினைத்துக்கொண்டேன்.

குறைகளும் உண்டு. எழுத்தில் அறிக்கை தரமாட்டார். அளவீடுகளை நீங்களே குறித்துக்கொள்ள வேண்டும். அவசரப்படுத்தினால் வேலையை ஏற்கமாட்டார். உதிரிப்பாகத்துக்குப் பஞ்சிகாவத்தையில் தேடிக் கிடைக்காவிட்டால் இங்கிலாந்திலிருந்து வரும்வரை கார் அங்கேயே நிற்கும், நிற்கும் இடமோ முழுவதும் கூரைக்குள் இல்லை. திறந்த கார் வைத்திருப்பவர்கள் நல்ல கவர் ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். பழுது எதுவும் பார்க்காவிட்டாலும் பரிசோதனைக்குத் தனியாகக் கட்டணம் வாங்குகிறார். சிலர் இதைக் குறையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இது மிக நியாயமாகப் படுகிறது. பரிசோதனைக்கே கூலி பெறுபவருக்கு, தேவையில்லாமல் எஞ்சினை இறக்கிச் சம்பாதிக்க வேண்டிய நெருக்கடி இல்லை.

போவதாக இருந்தால் காரை முதல் நாள் மாலையே விட்டுவிட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்கு நீங்களும் அங்கே இருங்கள். இரவு முழுவதும் குளிர்ந்த எஞ்சினை முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது எழும் சத்தத்தைக் கேட்காமல் அவர் எதையும் சொல்லமாட்டார்.