ஆயுட்கைதிக்குக் கருணை மனு: மட்டக்களப்பு டைப்பிங் கடையை நம்பலாமா?

காணி, பிறப்புப் பத்திர வேலைகளை எந்த டைப்பிங் கடையும் செய்யும். ஆயுட்கைதிக்குக் கருணை மனு எழுதத் தெரிந்த கடை குறைவு. மட்டக்களப்பு நீதிமன்றப் பக்கம் உள்ள இந்தக் கடையின் அந்த ஒரு வேலையை மட்டும் இங்கே பார்க்கிறோம்.

போய் நின்றதும் டைப் அடிக்கத் தொடங்குவதில்லை. தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதி, மேல் நீதிமன்ற வழக்கு இலக்கம், கைதி இலக்கம், மேன்முறையீடு முடிந்த திகதி, நாலையும் கேட்பார்கள். மேன்முறையீடு நிலுவையில் இருந்தால் "முதல்ல சட்டத்தரணியப் பாருங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். கைக்கு வரும் காசை விட்டுச் செய்யும் இந்த நேர்மை பெரிது.

அடுத்த கேள்வி, தண்டனை என்ன என்பது. நமது நாட்டில் 1976க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை. மரண தண்டனை ஆயுளாகக் குறைந்தவர்கள் நிறையப் பேர். ஜனாதிபதியின் மன்னிப்பு அதிகாரம் அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையில் இருக்கிறது. மரண தண்டனைக் கைதி என்றால் விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் சிபாரிசு என்று மூன்று மேசை தாண்டித்தான் ஜனாதிபதியிடம் போகும். இதை விளங்கப்படுத்தி, கெதியாக முடியும் என்று வாக்குக் கொடுக்காமல் விடுகிறார்கள்.

மனு மூன்று பக்கம். "திருந்திவிட்டார்" என்ற வசனத்தை வெட்டிவிட்டு, எந்த ஆண்டிலிருந்து சிறையின் தச்சுப் பட்டறையில் வேலை, என்ன பரீட்சை எழுதினார், ஒழுக்கக் குற்றப் பதிவு உண்டா என்று எழுதுகிறார்கள். அதுதான் சரி. 2024இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதிகள் கொடுத்த இரண்டு மன்னிப்புகளை ரத்துச் செய்தது. ஆகவே மன்னிப்புக்கான காரணம் பைலுக்குள் கடதாசியாக இருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. பழைய மாதிரிப் படிவத்தில் "சாட்சி பொய், இவர் நிரபராதி" என்றொரு பந்தி இன்னும் கிடக்கிறது. அது மேன்முறையீட்டில் பேச வேண்டியது. கருணை மனுவில் வந்தால் குற்றத்தை உணராதவர் என்றே படிக்கப்படும். எடுக்கச் சொல்லுங்கள், எடுப்பார்கள். கொலையுண்டவரின் குடும்பம் பற்றி ஒரு வரியும் இல்லை. அதையும் கேட்டுச் சேர்க்க வேண்டும். விடுதலையானால் எங்கே தங்குவார் என்பதற்குக் கிராம சேவகர் கடிதம் தேவை என்று கடை தானாகச் சொல்வதில்லை.

பெரிய தலையிடி பெயர். தீர்ப்பில் தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்று, அடையாள அட்டையில் வேறொன்று என்றால் பைல் அங்கேயே படுத்துவிடும். கையெழுத்து வைக்கமுன் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். சிங்கள மொழிபெயர்ப்புக் கட்டாயமில்லை, தமிழும் அரச கரும மொழிதான். செய்வதென்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். கடையின் மொழிபெயர்ப்பு தரமில்லை.

வசதி இல்லாதவர்கள் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். கடைக்குப் போவோர் நாலு பிரதி எடுங்கள்: ஒன்று சிறை அத்தியட்சகர் ஊடாக, ஒன்று பதிவுத் தபாலில் ஜனாதிபதி செயலகத்துக்கு, ஒன்று சிறை நலன்புரி உத்தியோகத்தருக்கு, ஒன்று வீட்டுக்கு. தபால் துண்டை வீட்டுப் பிரதியோடு ஸ்டேப்பிள் பண்ணி வையுங்கள். மனு எங்கே நிற்கிறது என்று பிறகு கேட்டுப் போகும்போது அந்தத் துண்டின் இலக்கத்தைத்தான் கேட்பார்கள்.