ஒன்ஸ் அபான் எ டைம்: எத்தனை முறைதான் மறப்பார்கள்?

'ஒன்ஸ் அபான் எ டைம்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஐந்தாவது சீசனில், முதல் எபிசோட் முடிகிற இடத்தை எப்போது பார்த்தாலும் எனக்குக் கோபம் வரும். ஆர்தர் மன்னனின் கேமலாட்டுக்குக் கிளம்பிப் போனவர்கள் எல்லோரும் திடீரென்று தங்கள் ஊரான ஸ்டோரிப்ரூக்கில், கிரானியின் உணவகத்துக்குள் கிடக்கிறார்கள். உடம்பில் கேமலாட் உடைகள். நடுவில் ஆறு வாரம் ஓடிப்போயிருக்கிறது, அந்த ஆறு வாரத்தில் என்ன நடந்தது என்று ஒருவருக்கும் நினைவில்லை. வெளுத்த தலைமுடியும் கறுப்பு உடையுமாகக் கதாநாயகி எம்மா உள்ளே வருகிறாள். அவளுக்கு மட்டும் எல்லாம் தெரியும். சொல்ல மாட்டாள்.

மறுபடியும் மறதியா என்று எழுந்து போய்விட்டேன். மறுநாள் வந்து பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்தி போன வாரம், "ஏழு சீசன் இருக்கே, எல்லாத்தையும் பார்க்கணுமாக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு வாட்ஸ்அப்பில் பதில் அடிக்க ஆரம்பித்து, அது நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன். 2011 அக்டோபரில் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் தொடங்கி 2018 மே மாதம் முடிந்த தொடர். சீசனுக்கு 22 எபிசோடுக்குக் குறையாது. முதல் மூன்று சீசன்களைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன், அடுத்ததை எல்லாம் மனசு வந்தபோது அங்கங்கே. என் குறை ஒன்றே ஒன்றுதான், நினைவு போவது. ஆனால் அந்தக் குறையைச் சொல்ல வேண்டுமென்றால், இந்தத் தொடரில் எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதே மறதிதான் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

மந்திரக் காட்டில் வாழ்ந்த தேவதைக் கதை ஆட்களை எல்லாம் அரசி ரெஜினா ஒரு சாபம் போட்டு, தாங்கள் யார் என்பதையே மறக்கவைத்து, நம் உலகத்து ஸ்டோரிப்ரூக்குக்குக் கொண்டுவந்துவிடுகிறாள். அங்கே அவள்தான் மேயர். சாபத்தை உடைக்க வேண்டியவள் ஸ்னோ ஒயிட்டின் மகள் எம்மா. முதல் சீசனில் ஒவ்வொரு எபிசோடிலும் பாதி கதை மந்திரக் காட்டில் நடக்கிறது, பாதி மெய்ன் மாகாணத்து ஸ்டோரிப்ரூக்கில். காட்டில் ஸ்னோ ஒயிட் வில்லும் அம்புமாகத் திரிகிறவள். அரசி அவள் தலைக்கு விலை வைத்திருக்கிறாள், அவள் பயப்படுவதில்லை. ஊரில் அவளே மேரி மார்கரெட் டீச்சர். யார் அதட்டினாலும் குனிந்துகொள்வாள். காட்டில் ஸ்னோவின் காதலன் டேவிட் ஆடு மேய்த்தவன். இறந்துபோன இரட்டைச் சகோதரனின் இடத்தில் இளவரசனாக நிறுத்தப்பட்டு, டிராகன் முன்னால் போய் நிற்கிறான். ஊரில் அவனால் மனைவி கேத்ரினிடமும் உண்மை சொல்ல முடியவில்லை, மேரி மார்கரெட்டிடமும் சொல்ல முடியவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் வழவழவென்று இழுத்துக்கொண்டே இருப்பான். "ஹீரோ இப்படியா இருப்பான்" என்று அவனைத் திட்டாதவர்கள் குறைவு. என் கணக்கில் முதல் சீசனிலேயே நன்றாக எழுதப்பட்ட பாத்திரங்களில் அவனும் ஒருவன். சாபம் அவன் பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, துணிச்சலையும் எடுத்துக்கொண்டது. பிறருக்கு மனசாட்சியாக இருந்த ஜிமினி சில்வண்டு இங்கே ஆர்ச்சி என்ற மனநல மருத்துவர், மேயர் சொன்னதற்கு மறுபேச்சு பேசப் பயப்படுகிறவர். ஒவ்வொருவரிடமும் எது பறிபோனதோ அதுவே அவர்களுடைய உயிர்நாடி என்று நமக்குப் புரிகிறது. நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தத் தவிப்பில்தான் 22 எபிசோடையும் உட்கார்ந்து பார்த்தேன்.

நினைவு திரும்புவதும் அப்போது லேசுப்பட்ட காரியமாக இல்லை. ஏழாவது எபிசோடில் ஷெரீஃப் கிரஹாம், அதாவது ஸ்னோ ஒயிட் கதையின் வேடன், எம்மாவை முத்தமிட்டதும் தான் யார் என்று நினைவு வருகிறது. முகத்தில் ஒரு நிம்மதி. அதே நேரம் ரெஜினா நிலவறையில் அவனுடைய இதயத்தைப் பிடித்து நசுக்குகிறாள். அவன் எம்மாவின் கையிலேயே சரிந்து விழுகிறான். முக்கியமான ஆள் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தவனை ஏழாவது எபிசோடிலேயே கொன்ற துணிச்சல், பிறகு இந்தத் தொடருக்கு வரவே இல்லை.

ரெஜினாவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். லானா பரியா அவளை உருட்டி மிரட்டும் சூனியக்காரியாக மட்டும் நடித்திருந்தால் தொடர் இரண்டு வருடத்தில் முடிந்திருக்கும். சாபத்தைப் போட வேண்டுமானால் அவள் மிகவும் நேசிக்கிற ஒருவரின் இதயத்தைத் தர வேண்டும். இரண்டாவது எபிசோடில் அவளுடைய அப்பா, பழிவாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டுப் புதிதாக வாழலாம் என்று கெஞ்சுகிறார். அவள் அழுதுகொண்டே அவரைக் கொல்கிறாள். கடைசியில் கல்லறைக் கல்லில் அவர் பெயர் தெரிகிறது: ஹென்றி. அவள் தத்தெடுத்து வளர்க்கும் எம்மாவின் மகனுக்கும் அதே பெயர். ஒரு வசனம்கூட இல்லாமல், அந்தக் கல்லை மட்டும் காட்டி, அவள் எதைக் கொடுத்து எதை வாங்கினாள் என்பதைச் சொல்லிவிட்டார்கள்.

ஊரே மறந்திருக்க அவளுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஜெயித்தவளுக்குக் கிடைத்த பரிசு அது என்று முதலில் தோன்றும். இரண்டாவது சீசனில் 1983ஆம் வருடத்துக்குப் போகும் எபிசோடைப் பாருங்கள். சாபம் பலித்த முதல் நாள் காலையில் அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சில நாளிலேயே எல்லாம் கசந்துவிடுகிறது. எல்லோரும் சொன்னபடி கேட்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேறு வழி கிடையாது. தினமும் அதே ஆட்கள், அதே பேச்சு. வெளியூரிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட ஓர் அப்பாவையும் மகனையும் எப்படியாவது ஊரிலேயே இருக்க வைக்கத் துடிக்கிறாள். உண்மையாக ஒருவர் தன்னிடம் பேசினால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டாள். மறந்தவர்களைவிட மறக்காதவளுக்குத்தான் தண்டனை அதிகம்.

அடுத்தது கோப்பை. மந்திரவாதி ரம்ப்பில்ஸ்டில்ட்ஸ்கினின் கோட்டையில் வேலைக்கு வரும் பெல், அவன் விளையாட்டாகச் சொன்ன ஒரு பயங்கரத்தைக் கேட்டுத் திடுக்கிட்டுக் கோப்பையைக் கீழே போட்டுவிடுகிறாள். விளிம்பில் ஒரு சில்லு போகிறது. பயந்து மன்னிப்புக் கேட்கிறாள். வெறும் கோப்பைதானே என்று விட்டுவிடுகிறான். பிறகு ஒருநாள் அவளைச் சந்தேகப்பட்டு விரட்டிவிட்டு, அலமாரியில் இருந்த மற்ற பாத்திரங்களை எல்லாம் எடுத்துப் போட்டு உடைக்கிறான். சில்லு போன கோப்பை கையில் வந்ததும் கை நின்றுவிடுகிறது. ஊரில் அவன் மிஸ்டர் கோல்டு. அந்தக் கோப்பை திருடு போனதற்காக ஒரு ஆளைக் கைத்தடியால் விளாசி லாக்கப்புக்குள் போகிறான். ரெஜினா கம்பிக்கு வெளியே நின்று, உன் பெயரைச் சொல், கோப்பையைத் தருகிறேன் என்கிறாள். சொல்கிறான். கோப்பை கைக்கு வருகிறது. அவனுக்கும் எல்லாம் நினைவிருக்கிறது என்பது அங்கேதான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதியாகிறது. ராபர்ட் கார்லைல் அந்தக் காட்சியில் குரலைக்கூட உயர்த்துவதில்லை. துர்வாசர் சாபத்தையும் சகுந்தலையின் மோதிரத்தையும் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கோப்பையின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது சீசனில் ஊர் எல்லைக்கோட்டைத் தாண்டினால் நினைவு போய்விடும் என்று ஒரு விதி வருகிறது. கோட்டருகே கடற்கொள்ளைக்காரன் ஹூக் சுட்டதில் பெல் தடுமாறிக் கோட்டைத் தாண்டிவிழுகிறாள், எல்லாம் மறந்துபோகிறது. கோல்டு ஆஸ்பத்திரிக்கு அந்தக் கோப்பையைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கிறான். யாரோ ஒரு பைத்தியக்காரக் கிழவன் தொந்தரவு செய்கிறான் என்று அவள் அதைச் சுவரில் வீசி அடிக்கிறாள். சுக்குநூறாகிறது. அடையாளத்தைக் காட்டினால் நினைவு வந்துவிடும் என்று நம்மையும் நம்பவைத்துவிட்டு உடைத்தார்கள் பாருங்கள், அந்தத் தைரியத்துக்கு எழுதியவர்களைக் கும்பிட்டேன்.

அந்த மரியாதையை அதே சீசன் முடிவதற்குள் அவர்களே கெடுத்துக்கொண்டார்கள். நீலத் தேவதை ஒரு மருந்து தயாரித்துக் கொடுக்கிறாள். கோப்பை மந்திரத்தால் ஒட்டிக்கொள்கிறது. பெல் அதில் ஊற்றிக் குடிக்கிறாள். பழையபடி எல்லாம் நினைவு வந்துவிடுகிறது. காட்சியாகப் பார்த்தால் உருக்கமாகவே இருக்கும், எனக்கும் கண் கலங்கியது. ஆனால் குப்பியில் அடைத்த மருந்து ஒன்று வந்துவிட்ட பிறகு மறதியைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? எந்த மந்திரத்துக்கும் ஒரு விலை உண்டு என்று எபிசோடுக்கு எபிசோட் சொன்ன தொடர் இது. கிரஹாம் உயிரைக் கொடுத்துப் பெற்றதை இங்கே ஒரு மடக்கில் குடித்துவிட முடிகிறது.

அதற்குப் பிறகு நினைவு போகாத சீசனே இல்லை. மூன்றாவது சீசனின் பின்பாதியில் ஊரே ஒரு வருடத்தை மறந்துவிடுகிறது. நான்காவதில் பனி அரசி இங்ரிட் ஒரு காலத்தில் எம்மாவை வளர்த்தவள் என்று தெரியவருகிறது, எம்மாவுக்கு அது நினைவில்லை, ஏனென்றால் இங்ரிட்டே அழித்துவிட்டாள். அரெண்டல் ராஜ்ஜியத்தில் இங்ரிட்டை யாருக்கும் நினைவில்லை, அதையும் அழித்தாயிற்று. ஐந்தாவதில் கேமலாட், அங்கே நினைவுகளைக் கனவுப்பிடிப்பான் வளையங்களில் சேர்த்து வைக்கிறார்கள். ஆறாவதின் முடிவில் எம்மாவை மனநல மருத்துவமனையில் போட்டு, நீ நம்பியதெல்லாம் பொய் என்கிறார்கள். ஏழாவதில் சியாட்டிலில் புதிய பேட்டை, புதிய சாபம், எல்லோருக்கும் மறதி. நம்மூர் மெகா சீரியல்களைக் கிண்டல் செய்கிறவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுச் செய்யட்டும்.

எண்ணிக்கையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். முதல் சீசனில் நாம் அவர்களைவிட அதிகம் தெரிந்தவர்கள். கேமலாட் கதையில் அவர்களுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. ஃப்ளாஷ்பேக் அப்போது மனிதர்களைக் காட்டவில்லை, ஒளித்து வைத்த தகவலைத் துண்டு துண்டாக அவிழ்த்துக் காட்டுகிறது. எம்மா ஏன் இப்படி ஆனாள் என்று வாரக்கணக்கில் ஊகிக்கலாம், ஆனால் அவளோடு சேர்ந்து வேதனைப்பட முடியாது, அவள் பட்ட வேதனையே நமக்குத் தெரியாதே. எம்மாவாக நடித்த ஜெனிஃபர் மாரிசன் கறுப்பு உடையில் இறுகிய முகத்தோடு எவ்வளவு நன்றாக நடித்தாலும் அந்த இடைவெளியை அவரால் நிரப்ப முடியவில்லை.

அவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வருடத்துக்கு 22 எபிசோட் என்றால் சும்மா இல்லை. கதை முடிந்தாலும் சேனல் முடிக்க விடாது. ஏபிசி டிஸ்னியின் சேனல். 2013 நவம்பரில் டிஸ்னியின் 'ஃப்ரோஸன்' படத்தில் திரைக்கு வந்த எல்சா, அடுத்த வருடமே அதே நீல உடையில் இங்கே வந்து நின்றாள். விருந்தாளிகளுக்கு இடம் கொடுத்துக்கொண்டே பழைய ஆட்களுக்கும் வேலை கொடுக்க வேண்டுமென்றால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவது கைக்கு எளிது. நடிகர்களுக்கும் அது விருந்துதான். ஏழாவது சீசனில் பார் நடத்தும் ரோனியாக லானா பரியா வருவார், சுருள் முடி, ஜீன்ஸ், அலட்டிக்கொள்ளாத பேச்சு. ரோனிக்காக அந்த சீசனைத் தேடிப் போய்ப் பார்த்திருக்கிறேன். கடைசி எபிசோடில் ரம்ப்பில்ஸ்டில்ட்ஸ்கின் தன் இதயத்தைத் தானே பிடுங்கி ஹூக்குக்குக் கொடுத்துவிட்டு, இறந்துபோன பெல்லிடம் போய்ச் சேர்கிறான். மகனைப் போரிலிருந்து காப்பாற்றச் சக்தியைத் தேடியவன், வாழ்நாள் முழுக்க அதை விட மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தவன், கடைசியில் இப்படிக் கொடுத்துவிட்டுப் போவது எத்தனையோ பெரிய தொடர்களுக்கு வாய்க்காத முடிவு.

இவ்வளவு சொல்லிவிட்டும், புதிதாகப் பார்க்கிறவர்களிடம் மூன்றாவது சீசனின் 11ஆவது எபிசோடோடு நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன். 55 எபிசோட் போதும். மீதி நூறில் நல்ல காட்சிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றைத் தேடி அத்தனை மறதிகளையும் தாண்ட வேண்டும். பத்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம், இதயத்தைக் கையோடு பிடுங்குகிற காட்சி அடிக்கடி வரும்.

அந்த 11ஆவது எபிசோடை ஏன் சொல்கிறேன் என்றால், மறதிக்குச் சரியான விலையை வாங்கிக்கொண்ட கடைசி இடம் அது. பீட்டர் பேன் ஏவிய சாபத்தை ரெஜினா முறியடிக்க வேண்டும். விலை, அவள் மிகவும் நேசிப்பதை இழப்பது. இந்த முறை அவள் யாரையும் கொல்லவில்லை. ஹென்றியை எம்மாவோடு அனுப்பிவிட்டு, இனி பார்க்கவே முடியாது என்று தெரிந்தே ஒதுங்கி நிற்கிறாள். அவர்கள் இருவரும் எல்லாவற்றையும் மறக்கப்போகிறார்கள், தன்னையும் சேர்த்து. அதனால், எம்மா குழந்தையைத் தத்துக் கொடுக்காமல் தானே வளர்த்ததாக நல்ல நினைவுகளை உண்டாக்கி ரெஜினா அவர்களுக்குக் கொடுக்கிறாள். பத்து வருடம் அந்தப் பையனை வளர்த்த அம்மா, தான் அம்மாவாக இருந்ததைத் தன் கையாலேயே அழித்துத் தருகிறாள். அப்பாவின் இதயத்தை எடுத்த அதே பெண்தான் இவள். லானா பரியாவின் முகத்தை அந்த இரண்டு நிமிடம் பார்த்தாலே தெரியும், இந்தக் கதைக்கு இதற்கு மேல் போக இடமில்லை என்று.

புகை ஊரை மூடும். மஞ்சள் கார் எல்லைக்கோட்டைத் தாண்டும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். எபிசோட் இன்னும் முடிந்திருக்காது, ஒரு வருடம் கழித்து நியூயார்க்கில் எம்மாவின் வீட்டுக் கதவை யாரோ தட்டுவார்கள். அது ஹூக். அடுத்த எபிசோடில் அந்த மருந்துக் குப்பியை எடுத்து நீட்டப்போகிறவன் அவன்தான்.