டெதரா, சூரியப் பாயா?

டெதர் என்பது விண்கலத்திலிருந்து தொங்கும் நீண்ட மின்கம்பி; அதில் ஓடும் மின்னோட்டத்தைப் பூமியின் காந்தப்புலம் தள்ளும். சூரியப் பாய் என்பது சூரிய ஒளியைத் திருப்பி, அதன் அழுத்தத்தில் நகரும் மெல்லிய தாள். எரிபொருள் இல்லாமல் விண்கலத்தைத் தள்ள இரண்டுமே வழிதான். ஆனால் ஒன்றின் களம் மற்றதற்கு ஆகாது.

1 கி.மீ. அலுமினியக் கம்பியை எடுத்துக்கொள்வோம். குறுக்குவெட்டு 1 சதுர மி.மீ., எடை 2.7 கிலோ, மின்தடை சுமார் 28 ஓம். நிலநடுக்கோட்டை ஒட்டிய தாழ் சுற்றுப்பாதையில் நொடிக்கு 7.5 கி.மீ. வேகத்தில், 30 மைக்ரோடெஸ்லா காந்தப்புலத்தை வெட்டிக்கொண்டு போனால் அதில் 225 வோல்ட் தானாக எழும். 1 ஆம்பியர் ஓடினால் விசை 30 மில்லிநியூட்டன். பூமி அருகே சூரியப் பாயில் இதே விசைக்கு, ஒளியை முழுதாகத் திருப்பினாலும், 3,300 சதுர மீட்டர் வேண்டும். லைட்செயில் 2 என்ற சோதனைக் கலம் விரித்ததே 32 சதுர மீட்டர்தான்.

இறங்க அந்த 225 வோல்ட்டே போதும். ஏறுவதற்கு மின்னோட்டத்தை எதிர்த்திசையில் செலுத்த வேண்டும்: 225 வாட், கம்பியில் சூடாகிப் போகும் 28 வாட், சுற்றியுள்ள பிளாஸ்மா எனும் மின்னூட்டம் பெற்ற மெல்லிய வாயுவிலிருந்து ஒரு முனையில் எலெக்ட்ரானைப் பிடிக்கவும் மறுமுனையில் வெளியே விடவும் இன்னும் கொஞ்சம். (அப்படி வெளியே விடும் ஹாலோ கேத்தோடு என்ற கருவி செனான் வாயு கேட்கும். 'எரிபொருளே இல்லை' என்பது முழு உண்மையல்ல.)

டெதர் தோற்பது பெரும்பாலும் விரிக்கும்போதுதான். 1992இல் விண்ணோடத்திலிருந்து விட்ட டிஎஸ்எஸ்-1 டெதர், 20 கி.மீ. விட வேண்டிய இடத்தில் 256 மீட்டரில் சிக்கிக்கொண்டது. 1996இல் அதன் மறுமுயற்சி 19.7 கி.மீ. வரை போனது, காப்புறையின் ஓட்டை வழியே மின்பொறி பாய்ந்து வடம் எரிந்து அறுந்தது. 2017இல் ஜப்பானின் கைட் சோதனையில் 700 மீட்டர் டெதர் வெளியே வரவேயில்லை.

கம்பியை நேராக நிறுத்துவது ஈர்ப்பு வேறுபாடு மட்டுமே. 1 கி.மீ. முனையில் 10 கிலோ நிறை தொங்கினாலும் இழுவிசை சுமார் 0.04 நியூட்டன், அதாவது தரையில் 4 கிராம் எடை. சுருளில் கிடந்த கம்பியின் வளைவைக்கூட அது நிமிர்த்தாது. மேலே சொன்ன 1 ஆம்பியரின் விசையும் கிட்டத்தட்ட அதே அளவு என்பதால் டெதர் வில்லாக வளைந்து ஊசலாடத் தொடங்கும். நுனி நிறையைக் கூட்டுங்கள், இல்லையேல் மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்துங்கள்.

பாய்க்கு இந்தத் தலைவலி இல்லை. காந்தப்புலமும் பிளாஸ்மாவும் தேவையில்லை. 2010இல் ஜப்பானின் இகாரோஸ் பாய் வெள்ளிக்குப் போகும் வழியில் 1.12 மில்லிநியூட்டன் எடுத்தது. ஆனால் 720 கி.மீ. உயரத்தில் லைட்செயில் 2 காற்றின் இழுவையை முழுதாக வெல்ல முடியாமல் 2022 நவம்பரில் விழுந்தது.

ஆக, 1,000 கி.மீ.க்குக் கீழே, சாய்வு குறைந்த பாதையில் டெதர். அதைத் தாண்டினால் எலெக்ட்ரான் அடர்த்தி சரியும். துருவப் பாதையில் மின்னழுத்தமே வெகுவாகக் குறையும். உருண்டைக் கம்பி மட்டும் வேண்டாம்: செட்ஸ்-2 என்ற டெதர் சோதனையின் 20 கி.மீ. வடம் நான்கே நாளில் அறுந்தது. 2 செ.மீ. அகல நாடாவில் சிறு துகள் ஓட்டைதான் போடும்; காப்புறை இல்லாவிட்டால் எலெக்ட்ரானையும் நாடாவே வாங்கிக்கொள்ளும்.