ஜாம் ஆகாத பிஸ்டல் எது, கொடுத்த காசுக்குத் தகும் பிஸ்டல் எது

சுடும் பயிற்சி ரேஞ்சில் வாடகைக்குக் கொடுக்கும் துப்பாக்கிகளைத்தான் இந்த விஷயத்தில் நான் பெரிதும் நம்புவேன். கடையில் எண்ணெய் மினுக்கோடு இருக்கும்போது எல்லாப் பிஸ்டலும் நல்ல பிஸ்டல்தான். ஊர்ப்பட்ட பேர் கை மாறி, யாரும் ஒழுங்காகத் துடைக்காமல், கையில் கிடைத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டு, மறுநாளும் அதே அழுக்கோடு மேசைக்கு வருகிறதே, அந்தப் பிஸ்டல் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் கணக்கு. அப்படிப் பார்த்தால் க்ளாக் 17-ல் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது, எனக்கு அதன் மேல் பெரிய ஆசை இல்லாவிட்டாலும்.

பார்க்க ஒரு அழகும் கிடையாது. முழுக்கச் சதுரம், பிளாஸ்டிக் பிடி, காலியாக 600 கிராமுக்குச் சற்று மேல். 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்ட காலத்தில் பிளாஸ்டிக் துப்பாக்கியா என்று சிரித்தவர்கள் நிறைய. மொத்தம் முப்பத்துச் சொச்சம் பாகங்கள்தான், ஒரு சின்ன பஞ்ச் கம்பி இருந்தால் கடைசி ஸ்பிரிங் வரை கழற்றிவிடலாம். அழுக்கோடும் எண்ணெய் இல்லாமலும் ஓடுவதற்கு இந்த எளிமைதான் பெரிய காரணம். குறைகளும் உண்டு. கூடவே வரும் பிளாஸ்டிக் சைட்டை (குறிபார்க்கும் முனையை) முதல் வேலையாகக் கழற்றி எறிந்துவிட்டு இரும்பு சைட் போட வேண்டும், அது தனிச் செலவு. ட்ரிகர் கொழகொழவென்று இருக்கும், எந்த இடத்தில் குண்டு கிளம்புகிறது என்று விரலுக்குப் புரியச் சில பெட்டித் தோட்டா ஆகும். அப்புறம் இதைக் கழற்ற வேண்டுமென்றால் ட்ரிகரை ஒருமுறை இழுத்தே ஆக வேண்டும், அதனால் தோட்டா அடுக்கும் மேகசினை எடுத்து, பேரலில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, இன்னொரு தடவையும் பார்த்த பிறகுதான் இழுக்க வேண்டும். இந்த ஒழுங்கு வராதவர் கையில் க்ளாக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

சுடும் சுகம் என்று கேட்டால் சிஸட் 75. 1975-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் வந்தது, முழு இரும்பு, ஏறக்குறைய ஒரு கிலோ. மற்ற பெரும்பாலான பிஸ்டல்களில் ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி) சட்டத்தின் (பிடியோடு சேர்ந்த உடல்) வெளியே ஓடும், இதில் உள்ளே ஓடுகிறது. அதனால் பேரல் கைக்கு நெருக்கமாகத் தாழ்ந்து உட்காரும், உதை நேராகப் பின்னால் வரும், அடுத்த குண்டுக்கு சைட் தானாகவே இடத்துக்கு வந்துவிடும். ஆனால் ஸ்லைடின் வெளியே தெரியும் பகுதி மெல்லிய பட்டையாக இருப்பதால், வேர்த்த கையோடு பின்னால் இழுத்துப் பாருங்கள், வழுக்கும். ரொம்பச் சுடுகிறவர்கள் ஸ்லைடு ஸ்டாப் பின்னும் ட்ரிகர் ஸ்பிரிங்கும் கூடுதலாக ஒன்று பையில் வைத்திருப்பார்கள், இதில் உடைகிற சாமான்கள் அவைதான், இரண்டும் மலிவு. இத்தாலி, துருக்கி, சீனா என்று இதன் நகல்கள் பல இடங்களில் வருகின்றன. சில அசலுக்குச் சமம், சில பார்வைக்கு மட்டும்.

பெரெட்டா 92 பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அமெரிக்க ராணுவம் 1985-ல் எம்9 என்ற பெயரில் எடுத்தது, 2017-ல்தான் மாற்று முடிவானது. ஸ்லைடின் மேல்பக்கம் திறந்தே இருப்பதால் சுட்ட தோட்டாவின் காலி உறை வெளியேற இடம் தாராளம், உறை நிமிர்ந்து மாட்டிக்கொள்ளும் தொல்லையை இதில் அபூர்வமாகத்தான் பார்க்கலாம். உறுத்தல் வேறு இடத்தில். சேஃப்டி நெம்புகோல் ஸ்லைடிலேயே இருக்கிறது, அவசரத்தில் ஸ்லைடை இழுக்கும்போது கை பட்டு அது கீழே இறங்கிவிடும், பிறகு ட்ரிகர் இழுத்தால் ஒன்றும் நடக்காது. பார்க்கிறவர் துப்பாக்கி மேல் பழி போடுவார். பிரேசிலில் பெரெட்டா நடத்திய ஆலையை 1980-ல் டாரஸ் வாங்கியது, அதிலிருந்து வந்த பிடி92-ல் நெம்புகோல் பழையபடி சட்டத்திலேயே இருக்கிறது, கைக்கு வசதி என்றால் அதுதான். பெரெட்டாவுக்கு இன்னொரு பலவீனம் பேரலையும் ஸ்லைடையும் பூட்டும் லாக்கிங் பிளாக், நிறையச் சுட்டால் அதன் காதுகளில் விரிசல் விழும்.

1911 என்ற பிஸ்டலைப் பற்றி எழுதினால் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். ஜான் பிரௌனிங் வடிவமைத்த அந்தத் துப்பாக்கி ராணுவச் சோதனையில் 6000 குண்டுகள் தடங்கல் இல்லாமல் சுட்டது, உண்மைதான். ஆனால் அது சற்றே தளர்வான பொருத்தத்தோடு, கனமான உருண்டை மூக்குத் தோட்டாவுக்காகச் செய்தது. இன்று பெரிய விலை கொடுத்து வாங்கும் 1911 பலவும் இலக்கில் மயிரிழை துல்லியம் வேண்டுமென்று ஸ்லைடையும் சட்டத்தையும் இறுக்கி இறுக்கிச் செய்தவை, கொஞ்சம் தூசு, கொஞ்சம் எண்ணெய்க் குறைவு, உடனே முரண்டு பிடிக்கும். கூடச் சுடும் ஒருவர் வைத்திருந்த, பெயர் சொல்ல விரும்பாத ஒரு விலையுயர்ந்த 1911, மேகசினில் கடைசித் தோட்டா வரும்போதெல்லாம் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. துப்பாக்கியைப் பழுதுபார்க்கக் கொடுக்கவே கிளம்பிவிட்டார். வேறு கம்பெனி மேகசின் போட்டதும் பேசாமல் ஓட ஆரம்பித்துவிட்டது. அதன் ட்ரிகருக்கு ஈடு கிடையாது, ஆசைக்கு வாங்குங்கள், நம்பகத்துக்கு என்று சொல்லிக்கொண்டு வாங்காதீர்கள்.

சரி, இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஜாம் என்று புலம்புகிற பாதிப் பேருக்குக் கோளாறு துப்பாக்கியில் இல்லை, மேகசினில் இருக்கிறது. மேல் உதடு இரண்டும் லேசாக விரிந்திருந்தால் தோட்டா முன்கூட்டியே துள்ளும், ஸ்பிரிங் சோர்ந்துபோனால் ஸ்லைடு வேகத்துக்குத் தோட்டா மேலே ஏறாது. ஒவ்வொரு மேகசின் அடியிலும் பெயிண்ட் பேனாவால் ஒரு எண் எழுதுங்கள். தடங்கல் வந்தால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அதைப் பயிற்சிக்குக்கூட வைக்க வேண்டாம். மேகசின் எல்லாம் நன்றாக இருந்தும் காலி உறை மாட்டுகிறது என்றால் பிடியைப் பாருங்கள். இலேசான பிளாஸ்டிக் பிஸ்டலை மணிக்கட்டுத் தளர்ந்து பிடித்தால், ஸ்லைடோடு சட்டமும் சேர்ந்து பின்னால் போய், ஸ்லைடு முழு ஓட்டம் ஓடாது. கனமான சிஸட் இந்தத் தப்பை மன்னிக்கும், க்ளாக் மன்னிக்காது. ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங்கைச் சில ஆயிரம் குண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதையும் யாரும் செய்வதில்லை.

சிக் சாவர் கம்பெனியின் பி320 பற்றிக் கேட்பீர்கள். ட்ரிகர் பாகம் தனியாகக் கழன்று வரும், வேறு அளவுப் பிடியில் மாட்டலாம், நல்ல யோசனை. கீழே விழுந்தால் வெடிக்கிறது என்ற புகாருக்குப் பிறகு 2017 ஆகஸ்டில் கம்பெனியே இலவச மாற்றம் அறிவித்தது, அதற்குப் பிறகும் வழக்குகள் ஓடுகின்றன, கம்பெனி மறுக்கிறது. பழையதை வாங்கினால் அந்த மாற்றம் செய்ததா என்று கேட்காமல் எடுக்காதீர்கள். நானாக இருந்தால் இதைத் தவிர்ப்பேன்.

விலைக்கு வருவோம். பெட்டி விலையை மட்டும் ஒப்பிடுவது வீண் வேலை. இரும்பு சைட், ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை), கூடுதல் மேகசின், ஸ்பிரிங் எல்லாம் கூட்டிப் பாருங்கள், பிறகு தோட்டாச் செலவு துப்பாக்கி விலையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். இந்தக் கணக்கில் துருக்கிக்காரர்களின் கானிக் டிபி9 வரிசை மற்றவர்களை வெட்கப்படுத்துகிறது. வால்தர் பி99-ன் வழியில் வந்தது, ஹோல்ஸ்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கும், ட்ரிகர் க்ளாக்கை விடத் தெளிவு, விலை கணிசமாகக் குறைவு. ஆனால் க்ளாக் மேகசினும் உதிரிப் பாகமும் கிடைக்கிற அளவுக்கு இதற்குக் கிடைக்காது. பத்து வருஷம் வைத்துச் சுடப் போகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

ஒன்றே ஒன்று வாங்கப் போகிறீர்கள், நிறையச் சுடுவீர்கள் என்றால் க்ளாக் 17. கை முரட்டுத்தனம் குறைவு, வாரக்கடைசியில் நிதானமாகத் தாள் இலக்கு சுடுகிறவர் என்றால் சிஸட். பட்ஜெட் இடிக்கிறது என்றால் கானிக், தயங்கவே வேண்டாம். பழைய பெரெட்டா நல்ல விலைக்கு வந்தாலும் எடுக்கலாம், ஆனால் காசு கொடுப்பதற்கு முன்னால் ஸ்லைடைக் கழற்றி லாக்கிங் பிளாக்கின் இரண்டு காதுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள், கழற்றக் கூடாது என்று விற்கிறவர் சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள்.