ஈரப்பத மெஷின் வாங்கலாமா? குறுவைக்கு முன் ஒரு கணக்கு

அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலைய (டிபிசி) வாசலில் நெல்லின் தலையெழுத்தை முதலில் எழுதுவது தராசு அல்ல, ஈரப்பத மெஷின். திரையில் 17 சதவீதத்துக்குள் காட்டினால் சாக்கு வரும். 17.6 காட்டினால் "காயவச்சு எடுத்துட்டு வாங்க". இத்தனை காலமும் அந்த மெஷின் வாங்குகிற பக்கம் மட்டுமே இருந்தது. விற்கிறவர் பல்லில் கடித்து, 'நறுக்' சத்தத்தை வைத்து மதிப்புப் போட்டார். பல் பொய் சொல்லாதுதான், ஆனால் 16.5-க்கும் 17.5-க்கும் பல்லுக்கு வித்தியாசம் தெரியாது. பணம் அந்த ஒரு சதவீதத்தில்தான் இருக்கிறது.

சந்தையில் இரண்டு வகை. ஒன்று ஊசி வகை: நெல்லுக்குள் குத்தினால், ஊசிகளுக்கு இடையே மின்சாரம் எவ்வளவு தடைபடுகிறது என்பதை வைத்து எண் காட்டும். இரண்டு மூன்றாயிரத்துக்குள் கிடைக்கும். ஊசியைத் தொடும் நாலு நெல்மணிதான் அதற்கு உலகம். சாக்கில் நெல் இறுகியிருந்தால் ஒரு எண், தளர்ந்திருந்தால் வேறு எண். குவியலில் எந்தப் பக்கம் ஈரம் என்று தேட உதவும். டிபிசியில் வாதாட உதவாது.

இன்னொன்று கிண்ண வகை. குறிப்பிட்ட அளவு நெல்லைக் கொட்டினால், அது எவ்வளவு மின்னூட்டத்தைத் தாங்குகிறது என்று பார்க்கும். உலர்ந்த தானியத்தைவிடத் தண்ணீருக்கு அந்தக் குணம் பல மடங்கு அதிகம் என்பதால் கணக்கு ஓரளவு சரியாக வரும். விலை பல மடங்கு. தனியாளுக்குக் கட்டாது, ஒரே வாய்க்காலில் பாயும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாங்கினால் கட்டும். வாங்கும்போது இரண்டைப் பாருங்கள்: நெல்லுக்கென்று தனி அளவீடு இருக்கிறதா (அரிசி அளவீட்டில் நெல்லைப் போட்டால் எண் தப்பும்), வெப்பநிலையைத் தானே சரிசெய்து கொள்கிறதா.

மெஷினைவிட மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். குவியலின் மேலே மட்டும் ஒரு பிடி அள்ளினால் வெயில் பட்ட நெல்தான் கையில் வரும். மேல், நடு, அடி, ஓரம் என ஏழெட்டு இடத்தில் அள்ளி ஒரு தட்டில் கலக்குங்கள். பதரையும் வைக்கோல் துணுக்கையும் ஊதிவிடுங்கள். பதர் இருந்தால் கிண்ணம் நிறைந்தாலும் எடை நிறையாது, எண் குறைத்துக் காட்டும். களத்துச் சூட்டோடு போடாமல் பத்து நிமிடம் நிழலில் ஆறவிடுங்கள். ஒரே உயரத்திலிருந்து, ஒரே வேகத்தில் கொட்டுங்கள், கிண்ணத்தைத் தட்டாதீர்கள். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். பேட்டரி இறங்கினால் எண் தத்தளிக்கும்.

அதிகம் பேர் ஏமாறுவது மாலை மூன்று மணி எண்ணில். தார்ச்சாலையில் காய்ந்த நெல்லுக்கு உமிப் பக்கம்தான் உலர்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அப்போது 16.7 காட்டும். குவித்துப் படுதா போட்டு மூடினால் ராத்திரியோடு உள் ஈரம் வெளியே வந்து, காலையில் 17.4 ஆகிவிடும். படுதா அடியில் வேர்த்திருந்தால் இன்னும் மோசம். "நேத்து சரியா இருந்துச்சே, மெஷினை மாத்திட்டாங்க" என்ற சண்டையில் பாதிக்கு இதுதான் காரணம். மாலையில் 16-க்குக் கீழே வந்தால்தான் குவிக்கலாம்.

இனிப் பணம். 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,389 ரூபாய், மாநில ஊக்கத்தொகை 156, ஆக 2,545. 40 கிலோ சிப்பம் 1,018 ரூபாய். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் 14 வரை காயவிட்டால் என்ன ஆகும்? 17-இல் 40 கிலோ இருந்த நெல் 38.6 கிலோவாகச் சுருங்கும். சிப்பத்துக்கு 35 ரூபாய் வெயிலோடு போகிறது. நூறு சிப்பத்துக்கு 3,500. மெஷினின் உண்மையான லாபம் இங்கேதான். ஈர நெல்லைக் காட்டிக்கொடுப்பது மட்டுமல்ல, "போதும், அள்ளு" என்று சொல்வதும் அதன் வேலை.

இதே கணக்கை அரசு பக்கம் திருப்பினால் இன்னொன்று தெரியும். 18 சதவீத ஈரத்தில் உள்ள 40 கிலோ, 17-க்கு வந்தால் 39.5 கிலோ. ஒரு சதவீதத்துக்கு அரைக் கிலோ, அவ்வளவுதான். அந்த அரைக் கிலோவைக் கழித்துக்கொண்டு வாங்கலாம். ஆனால் விதியில் 17 என்பது கோடு. இந்தப் பக்கம் முழு விலை, அந்தப் பக்கம் பூஜ்யம். நல்ல கையடக்க மெஷினே அரை சதவீதம் கூடக்குறையக் காட்டும் என்னும்போது, 17.3-க்கு நெல்லைத் திருப்புவது ஈரத்தை அளப்பதாகாது, சீட்டுக் குலுக்குவதாகும்.

டெல்டாவில் குறுவை அறுவடையின் பின்பாதி வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கிறது. அதனால் 22 சதவீதம் வரை தளர்வு கேட்டு மாநிலம் டெல்லிக்கு எழுதுவது வழக்கமாகிவிட்டது. 2022-இல் 19 வரை அனுமதி கிடைத்தது. 2025 அக்டோபர் மழைக்குப் பின் மத்தியக் குழுக்கள் வந்து மாதிரி எடுத்துப் போயின. நவம்பரில் மறுப்பு வந்தது. இடையில் நெல் சும்மா இருக்காது. முளைக்கும், கறுக்கும். சேதமான, நிறம் மாறிய, முளைத்த மணிக்கு 5 சதவீதம் என்று இன்னொரு வேலி காத்திருக்கிறது.

22 கேட்பதில் முழு நியாயம் உண்டு என்றும் சொல்ல முடியாது. புழுங்கலுக்கு எப்படியும் ஊறப்போடும் நெல்தானே என்பார்கள். உடனே ஆலைக்குப் போனால் சரி. திறந்தவெளி அடுக்கில் வாரக்கணக்கில் கிடந்தால் 20-க்கு மேல் உள்ள நெல் உள்ளுக்குள் சூடேறி மஞ்சளாகும். ரேஷன் அரிசியில் அந்த நிறத்தைப் பார்த்து நாம்தான் முகம் சுளிப்போம். தளர்வைக் கேட்கிற கையோடு நிலையத்துக்கு ஓர் உலர்த்தி, நகர்வுக்கு லாரி என்று கேட்டால் வாதம் நிற்கும்.

மெஷின் வாங்கியவர்கள் டிபிசிக்கு அதைக் கொண்டுபோனாலும் எடுத்தவுடன் மேஜையில் வைத்து வாதாட வேண்டாம். குவித்த அன்றும் ஏற்றும் காலையும் எண்ணையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். அங்கே காட்டும் எண் ஒரு சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால், ஒரே தட்டில் கலந்த நெல்லை இரண்டு மெஷினிலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டியல் எழுத்தர் மறுத்தால், அவர்கள் மெஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். தராசில் முத்திரை பார்க்கிற நாம் அதை மட்டும் கேட்பதே இல்லை. சம்பா முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் கம்பி அரித்துவிடும்.